கோப்பியைத் திடலில் விட்டோம்

சிங்கப்பூரில் குதிரைகளோடு வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே பந்தயத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே பந்தயம் நின்றுபோன பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. தேக்கா சந்தையில் எனக்கு மீன் வெட்டித் தருபவர்கூட, "அந்தக் குதிரையெல்லாம் எங்கக்கா போச்சு?" என்று போன வாரம் கேட்டார். எனக்கும் பந்தயத்துக்கும் தொடர்பில்லை. நான் வேலை செய்தது ஒரு சவாரி கிளப்பின் லாயத்தில். ஆசைக்காகக் குதிரை வைத்திருப்பவர்கள் அவற்றை எங்களிடம் விட்டுவைப்பார்கள். தீனி, தண்ணீர், சுத்தம், உடல்நலம் எல்லாம் எங்கள் பொறுப்பு. சொந்தக்காரர்கள் வேலை முடிந்து சாயங்காலத்தில் வருவார்கள், சவாரி செய்வார்கள், கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கே துணை மேலாளராகவும் பிறகு மேலாளராகவும் இருந்து ஓய்வு பெற்றேன்.

குதிரைகள் எங்கே போயின என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நம்மிடம் இருந்த காலத்தில் அவை எங்கே நின்றன என்று யாராவது கேட்டால் விரிவாகச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் பிடோக் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தேன். நாய்க்குட்டிகூட வளர்த்தது கிடையாது. கிளப் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். லாயத்தில் ஆள் பற்றாத ஒரு நாள் குதிரை ஒன்றை நடத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். அது என் தோளில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. மறுநாளே லாயத்துக்கு மாற்றல் கேட்டேன். பிறகு மிதிபட்டேன், கடிபட்டேன், கூடை கூடையாக லத்தி அள்ளினேன். கிளப் என்னை ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் துணை மேலாளர் ஆக்கினார்கள். இவ்வளவுதான் என் படிப்பு வரலாறு.

எனக்கு மேலே இருந்தவர் ஜமால் சார். மேலாளர். குடும்பம் காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே வியாபாரம் செய்தது. அவர் மட்டும் கடையை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுக் குதிரைகளிடம் வந்துவிட்டார். குரலை உயர்த்தவே மாட்டார். காலைச் சுற்று வரும்போது லாயத்தின் வாசலில் பேச்சை நிறுத்திவிடுவார். கைபேசி அடித்தாலும் எடுக்கமாட்டார்.

குதிரை நிற்கும் தனி அறையை நாங்கள் பாக்ஸ் என்போம். ஒவ்வொரு பாக்ஸ் முன்னாலும் சார் நின்று முதலில் தரையைத்தான் பார்ப்பார். தரையில் மரச்சீவல் பரப்பியிருக்கும். நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருந்தால் குதிரை படுத்துத் தூங்கியிருக்கிறது. சுவரை ஒட்டி வட்டமாக மிதிபட்டிருந்தால் தூங்காமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் இரண்டு குழி மட்டும் ஆழமாக இருந்தால், அங்கேயே நின்று இடதும் வலதுமாக ஆடியிருக்கிறது. அதற்குப் பிறகு லத்தி, தண்ணீர் வாளி, கதவு விளிம்பில் பல் தடம். எல்லாம் முடிந்த பிறகுதான் தலையைத் தூக்கிக் குதிரையைப் பார்ப்பார்.

"சார், குதிரைய முதல்ல பாத்தா என்ன?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"நம்மளப் பாத்ததும் அது காத நிமித்திக்கிட்டு நல்ல பிள்ளையா நின்னுரும் லா. தரை அப்படி நடிக்காது."

இந்த ஒரு வேலைமுறையை நான் ஓய்வு பெறும் வரை மாற்றவில்லை.

இனி குதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை நடந்துகொண்டே தின்னும் பிராணி. அதன் வயிற்றில் அமிலம் நிற்காமல் சுரக்கும். அதனால் பகலிலும் இரவிலும் பெரும்பாலான நேரம் வாயில் ஏதாவது புல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கூட இன்னொரு குதிரை வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு சுத்தமான அறையில், மின்விசிறிக்கடியில், இரண்டு வேளைத் தீனியோடு நிற்க வைத்தால் அது சாகாது. பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் ஆட ஆரம்பிக்கும். மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும். வயிற்றில் புண் வரும்.

அப்படியானால் வெளியே விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விடாமல் இருக்க இந்த ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. நிலம் குறைவு. வெயில். பிற்பகல் ஆனால் இடி மின்னல். நாலு மழை பெய்தால் புல் திடல் சேறாகி, குளம்பு அழுகும். மண்ணிலிருந்து வரும் நோய் உண்டு. ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். இவை எல்லாம் உண்மையான காரணங்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் நல்லவர்கள்கூடத் தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

சுபத்ரா அப்படிப்பட்ட நல்லவர். கப்பல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். அவர் வாங்கிக்கொண்டு வந்த குதிரை கரும்பழுப்பு நிறம், நெற்றியில் நுரைபோல ஒரு வெள்ளைப் பொட்டு. பதிவுப் பெயர் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். காப்பி நிறம் என்பதால் லாயத்துப் பையன்கள் முதல் நாளே கோப்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

கோப்பியை ஒப்படைத்த அன்று சுபத்ரா என்னிடமும் ஜமால் சாரிடமும் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "இவன எந்தக் காரணத்துக்காகவும் திடல்ல அவுத்து விடக்கூடாது. சவாரி உண்டு. வாக்கர் உண்டு. அதுக்கு மேல வெளிய வேண்டாம்."

வாக்கர் என்பது குதிரைகளை வட்டமாக நடக்க வைக்கும் இயந்திரம். ராட்டினம் மாதிரி சுற்றும்.

மற்றபடி அவர் எதிலும் குறை வைக்கவில்லை. குளிர்சாதனம் வைத்த பாக்ஸ், ரப்பர் தரை, கப்பலில் வரும் காய்ந்த புல்லில் முதல் தரம். வாரத்தில் பாதி நாள் வந்து தன் கையாலேயே தேய்த்துவிடுவார். கோப்பி அவரைக் கண்டால் கனைப்பான்.

சில மாதங்களில் கதவுக்குப் பின்னால் இரண்டு குழி தெரிய ஆரம்பித்தது. ஜமால் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு கதவு விளிம்பில் பல் தடம். பிறகு தீனியை மிச்சம் வைத்தான். கால்நடை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து வயிற்றுப்புண் என்றார். மருந்து கொடுத்தோம், ஆறியது. மருந்தை நிறுத்தினோம், திரும்ப வந்தது. மறுபடி மருந்து. மறுபடி புண்.

சுபத்ரா ஒரு தோல் பட்டையை வாங்கி வந்தார். கழுத்தில் இறுக்கிக் கட்டினால் குதிரையால் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்க முடியாது. கூடவே கதவில் மாட்ட ஒரு இரும்புக் கம்பிச் சட்டம். தலையை வெளியே நீட்டி ஆட முடியாதபடி தடுப்பதற்கு.

"இத மாட்டிருங்க வசந்தா. நிறைய பேர் யூஸ் பண்றாங்க."

"மாட்டினா கடிக்கிறது நிக்கும் மேடம். கடிக்க வைக்கிறது நிக்காது," என்றேன். "அவனுக்கு வெளிய போகணும்."

"அத மட்டும் பேசாதீங்க." அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. பட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் வழக்கு விஷயமாக லண்டன் போனார். நான் ஜமால் சாரின் அறைக்குப் போய், "சார், மேடம் வர்றதுக்குள்ள சின்னத் திடல்ல கொஞ்ச நேரம் விட்டுப் பாப்போம். அவன் மாறினா அவங்களே ஒத்துக்குவாங்க," என்றேன். அப்போது எனக்கு அது முழுக்க நியாயமாகத்தான் பட்டது.

சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "அது அவங்க குதிரை. அவங்க நம்மள நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க. கேக்காம செஞ்சா, நல்லது நடந்தாலும் அது களவுதான்."

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கணுமா சார்?"

"இல்ல. குதிரை அவங்களோடது, லாயம் நம்மளோடது. இப்படித்தான் வச்சுக்கணும்னா எங்க லாயத்துல வேண்டாம்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கு. ஆனா அதச் சொல்றதுக்கு முன்னால, நாம பாக்குறத அவங்க பாக்கணும். இன்னும் அவங்க பாக்கல."

யோசித்தபோது அது உண்மை என்று புரிந்தது. சுபத்ரா வரும் நேரம் எப்போதும் சாயங்காலம். கோப்பிக்கு அது சவாரியும் கேரட்டும் வரும் நேரம். கார் சத்தம் கேட்டதுமே ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பான். தன் குதிரை நாள் முழுக்க எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை.

லண்டனிலிருந்து வந்ததும் அவரை ஒரு முழுக் காலை வரச் சொன்னோம். காரை வெளியே சாலையிலேயே நிறுத்தச் சொன்னேன். கோப்பியின் பாக்ஸுக்கு எதிரே தீனிக் கிடங்கு இருந்தது. அதன் மாடியில் ஒரு சன்னல் உண்டு. அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். வேலை நிறைய இருக்கிறது, பார்த்துக்கொண்டே செய்கிறேன் என்றார்.

நான் கீழே என் வேலையைப் பார்க்கப் போனேன். காலைத் தீனி முடிந்தது. பையன்கள் கூட்டிப் பெருக்கினார்கள். வாக்கரில் கோப்பி சுற்றி வந்தான். திரும்பப் பாக்ஸுக்குள் போனதும் கதவு சாத்தப்பட்டது. லாயம் அடங்கியது. அவன் ஆரம்பித்தான். இடது, வலது, இடது, வலது. நடுவில் கதவு விளிம்பைப் பல்லால் பற்றி, கழுத்தை வளைத்து, ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். மறுபடி இடது, வலது.

வெயில் ஏறியபின் மாடிக்குப் போனேன். மடிக்கணினி மூடியிருந்தது. சுபத்ரா சன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தவே மாட்டானா?" என்றார்.

"நீங்க கீழ இறங்கினா நிறுத்திருவான் மேடம்."

அவர் அவன் பக்கம் இறங்கவில்லை. பின்படி வழியாகப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னை ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். வாழையிலை போட்டுவிட்டுப் போன பிறகும் கை வைக்கவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். கோப்பிக்கு முன்னால் அவரிடம் இன்னொரு குதிரை இருந்ததாம், வேறொரு லாயத்தில். அவருடைய மகள் ஓட்டிக்கொண்டிருந்த குதிரை. ஒரு நாள் திடலில் இன்னொன்று உதைத்து, பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. காப்பாற்ற வழியில்லை. மகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் குதிரை ஏறவே இல்லை. இப்போது மெல்பர்னில் படிக்கிறாள். ஃபோனில் குதிரைப் பேச்சே எடுக்கமாட்டாள்.

"அன்னைக்கு நாந்தான் சொன்னேன், வெளிய விடுங்க, காத்தாட நிக்கட்டும்னு. அதனாலதான் வசந்தா."

அவர் தப்பு செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்கே தெரியும், என் வாயால் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "மேடம், அடிபடாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அடிபடுற வாய்ப்பைக் குறைக்க என்னென்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அது எல்லாத்தையும் செய்வேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

அவர் இலையில் தண்ணீர் தெளித்தார். "சரி, செய்யுங்க. நான் நிக்கிறேன்."

செய்தோம். பின்னங்கால் லாடங்களைக் கழற்றினோம், உதைத்தாலும் அடி பலமாக விழாமல் இருக்க. நாலு காலுக்கும் காப்புக் கட்டினோம். முதலில் ஒரு சிறிய திடலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஓட இடம் இருக்காது, நடக்க இருக்கும். வேலியை நானே கையால் தடவிப் பார்த்து ஆணி, பிளவு எல்லாம் சரிசெய்தேன். கோப்பி காலைத் தீனியைத் தின்று, சவாரியும் முடித்து, கொஞ்சம் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்தோம். மருத்துவர் சொன்ன அளவில் லேசான மயக்க ஊசியும் போட்டோம். தரையில் மூன்று நாலு இடத்தில் காய்ந்த புல் குவித்து வைத்தேன்.

ஜமால் சார் கேட்டைத் திறந்தார். நான் உள்ளே நடத்திப் போய், அவன் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு தலைக்கயிற்றை அவிழ்த்தேன். அப்படித் திருப்பினால்தான், துள்ளி ஓடினாலும் நம் மேல் பின்னங்கால் படாது. வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன்.

கோப்பி ஓடவில்லை. புல்லையும் பார்க்கவில்லை. எங்களைத் தொடர்ந்து கேட்டுக்கு வந்தான். கேட்டின் மேல் கழுத்தை நீட்டினான். இடது, வலது, இடது, வலது.

சுபத்ரா என்னைப் பார்த்தார். "இங்கயும் அதேதான் பண்றான்."

இத்தனை சொல்லி, இத்தனை செய்து, அவன் சுவரில்லாத இடத்திலும் சுவருக்குள் நின்றுகொண்டிருந்தான். ஜமால் சார் மட்டும் அசையவில்லை. "இன்னைக்கு இது போதும். நாளைக்கும் விடுவோம்," என்று தலைக்கயிற்றை எடுத்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அப்போதுதான் சார், "புல்லு இருக்கு, இடம் இருக்கு. ஆள் இல்லையே," என்றார். அதாவது இன்னொரு குதிரை. எனக்கு உடனே அம்மணி ஞாபகம் வந்தாள். பிள்ளைகளைச் சுமந்து சுமந்து வயதான மட்டக்குதிரை. குட்டைக் கால், பெரிய வயிறு. யாரையும் உதைக்கமாட்டாள், யாரையும் மதிக்கவும் மாட்டாள். புல் அதிகம் தின்றால் குளம்பில் வீக்கம் வரும் உடம்பு என்பதால் வாயில் வலைமூடி போட்டுத்தான் வெளியே விடுவோம். புல் எல்லாக் குதிரைக்கும் ஒரே மாதிரி நல்லதில்லை. அதையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இருவரையும் சில நாள் வேலிக்கு இரு பக்கமும் விட்டோம். மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தார்கள். கோப்பி ஒரு தடவை கிறீச்சிட்டான். அம்மணி திரும்பி நின்றுகொண்டாள். பிறகு ஒரு காலை அவளைக் கோப்பியின் திடலுக்குள்ளேயே விட்டேன். அவள் கேட்டுக்கு வரவில்லை. நேராகத் திடலின் அந்தக் கோடிக்கு நடந்து தலையைத் தாழ்த்தினாள். கோப்பி கேட்டில் ஆடிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் நின்றது. மறுபடி ஆடினான். மறுபடி பார்த்தான். பிறகு கேட்டை விட்டுவிட்டு அவளை நோக்கி நடந்தான், தரை சுடுவதுபோல ஒவ்வொரு அடியாக. அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் செய்வதைப் போலவே தலையைக் குனிந்தான்.

புல் கிழிபடும் சத்தம் வேலி வரை கேட்டது. சுபத்ரா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் அதிகம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் கோப்பி முழங்கால் மடித்துப் பொத்தென்று விழுந்து உருண்டான். சுபத்ரா பதறிவிட்டார். "வயித்து வலியா? டாக்டரக் கூப்பிடுங்க."

"வலி இல்ல மேடம். முதுகு சொறியிறான்," என்றார் ஜமால் சார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று பார்த்தேன்.

அதன் பிறகு கோப்பி மெதுவாக மாறினான். வயிற்றுப்புண் ஆறி, மருந்தை நிறுத்திய பிறகும் திரும்ப வரவில்லை. மரச்சீவலில் பள்ளம் நடுவில் விழ ஆரம்பித்தது. சவாரியிலும் முதுகைத் தளர்த்தினான். இதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

ஒரு பிற்பகல், மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலிப்பதற்கு முன்பே முதல் இடி விழுந்தது. வானம் லேசாகக் கறுத்ததுமே நாங்கள் குதிரைகளை உள்ளே கொண்டுவர ஆரம்பித்திருந்தோம். கோப்பியும் அம்மணியும் கடைசித் திடலில் இருந்தார்கள். நான் கேட்டை நெருங்கும்போது இடி. கோப்பி பிய்த்துக்கொண்டு ஓடி வேலியைத் தாண்டப் பார்த்தான். முன்னங்கால் மேல் கட்டையில் மாட்டியது. கட்டை முறிந்தது. அவன் இந்தப் பக்கம் வந்து விழுந்து எழுந்து, மூன்று காலில் நின்றான். மழையில் ரத்தம் ஓடியது. அன்று செய்ய வேண்டிய எதையும் நாங்கள் விடவில்லை. இருந்தும் அடிபட்டது. திடல் என்றால் அதுவும் உண்டு.

எலும்பு முறியவில்லை. தசைநார் காயம், ஆழமான வெட்டு. மாதக்கணக்கில் பாக்ஸிலேயே ஓய்வு என்றார் மருத்துவர். சுபத்ரா வந்து காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், அவன் நெற்றியைத் தடவினார், என்னைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

கிளப் நிர்வாகக் குழு கூடியது. ஜமால் சார் ஓய்வு பெறும் சமயம். அடுத்த மேலாளராக என்னைத்தான் நினைத்திருந்தார்கள். குழுத் தலைவர் நேரடியாகவே சொன்னார். "இனிமே திடல் வேண்டாம். எல்லாக் குதிரையும் உள்ள, தினமும் வாக்கர். சேஃப்டி ஃபர்ஸ்ட். திடல் இருக்குற இடத்துல இன்னொரு வரிசை பாக்ஸ் கட்டலாம், வெயிட்டிங் லிஸ்ட்டும் குறையும். வசந்தா, நீங்க இத நடத்திக் காட்டுவீங்களா?"

"நடத்த மாட்டேன் சார்," என்றேன். "அப்படி ஒரு லாயம் வேணும்னா அதுக்கு வேற மேலாளர் பாருங்க. அடிபடுறது ஒரு கெடுதல். அடைபடுறதும் ஒரு கெடுதல். முதல் கெடுதலுக்கு ரத்தம் வருது, அதனால கண்ணுக்குத் தெரியுது."

தலைவர் முகம் இறுகியது. "குதிரையோட ஓனர் இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேப்போம்."

சுபத்ரா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். என் வேலை அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"என்னோட முதல் குதிரை திடல்ல செத்துச்சு," என்றார். "இவன் பாக்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருந்தான். முதல்ல சொன்னது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுச்சு. ரெண்டாவதப் பாக்க நான் மாடியில ஒளிஞ்சு உக்கார வேண்டியிருந்துச்சு." தலைவரையும் என்னையும் பார்த்தார். "எனக்கு ஒரு கேள்விதான். கால் ஆறினதும் அவன எந்தத் திடல்ல விடப் போறீங்க? இப்ப இருக்குற வேலி உயரம் பத்தாது. அதக் கூட்டுறதப் பத்திப் பேசலாமா?"

வேலியைப் பற்றித்தான் பேசினோம். உயரத்தைக் கூட்டினோம். மரக்கட்டைக்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் பட்டை வேலி போட்டோம். மழை வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தால் கடைசித் திடலில் குதிரையே விடுவதில்லை என்று வைத்தோம்.

மேலாளர் ஆனதும் நான் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். எங்கள் லாயத்தில் நிற்கும் எந்தக் குதிரையும் தினமும் அவிழ்த்து விடப்படும். மூக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு குதிரை இருக்கும். பாக்ஸுக்குள் இருக்கும் நேரமெல்லாம் கொறிக்கப் புல் இருக்கும். இதை ஏற்காதவர்களின் குதிரையை எடுப்பதில்லை. எங்கள் திடல்களால் எத்தனை குதிரைகளைத் தாங்க முடியுமோ அத்தனைதான் வைத்துக்கொள்வோம், பாக்ஸ் காலியாக இருந்தாலும் சரி. காலியான பாக்ஸ்களின் நடுச்சுவரை இடித்து, இரண்டை ஒன்றாக்கினோம். புல் திடல்களை மாற்றி மாற்றி ஓய்வில் விட்டோம். மற்றவை மணல் திடல்கள்தான். அதில் புல்லைப் பல இடங்களில் வைத்து, நடந்து தேடித் தின்ன வைத்தோம். சில சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். அது அவர்கள் விருப்பம்.

கோப்பி ஓய்விலிருந்த மாதங்களில் அம்மணியைப் பக்கத்துப் பாக்ஸில் வைத்து நடுச்சுவரைத் தாழ்த்தினேன். கால் ஆறி மறுபடி திடலுக்குப் போனான். பழைய ஆட்டம் அவனை முழுக்க விடவில்லை. தீனி வண்டிச் சத்தம் கேட்டால், எங்களிடம் இருந்த கடைசி நாள் வரை ஆடினான். ஒரு பிராணியின் மனதில் நாம் போட்ட சில தடங்கள் அழிவதில்லை. அதனால்தான் முதலிலேயே போடக்கூடாது என்கிறேன்.

சவாரிக்கு ஆகாத வயது வந்தபோது சுபத்ரா அவனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் ஒரு பண்ணைக்கு அனுப்பினார். நான் எல்லைப் பக்கம் மார்சிலிங்கில் இருப்பதால், பார்க்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது, மெல்பர்னில் மகள் ஒரு விலங்குக் காப்பகத்தில் வாரம் ஒரு முறை உதவிக்குப் போகிறாள் என்று சொன்னார். குதிரையா என்று கேட்டேன். "இன்னும் இல்ல. இப்போதைக்கு ஆடு," என்றார்.

சென்ற மாதம் நஸ்ரீன் ஃபோன் செய்தாள். எனக்குப் பிறகு மேலாளராக வந்தவள். கிளப் இருந்த நிலத்தின் குத்தகை முடிகிறது. புதிய இடம் சிறியது. வரைபடத்தில் பாக்ஸ் வரிசை ஒன்றை அடித்துவிட்டுத் திடலைக் காப்பாற்றியிருக்கிறாள். அதனால் சில குதிரைகளுக்கு அங்கே இடமில்லை.

"ஒருத்தர் மட்டும் ஒத்துக்க மாட்டேங்கிறார்க்கா. வசந்தா இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு சொல்றார். நீங்களே ஒரு வார்த்தை பேசுறீங்களா?"

அவருடைய குதிரையை லாயத்தில் சேர்த்தது நான்தான். தொலைபேசி எண்ணை வாங்கி அப்போதே பேசினேன். அவர் மரியாதையாகவே கேட்டார். பாக்ஸ் ஒன்று கூடுதலாகக் கட்ட இடமிருக்கிறதே என்றார். பாக்ஸுக்கு இடமிருக்கிறது, குதிரைக்கு இல்லை என்றேன். தினமும் தானே வந்து வாக்கரில் நடக்க வைப்பதாகச் சொன்னார். ஜொகூரில் நல்ல பண்ணை இருக்கிறது, வாரக் கடைசியில் போய் ஓட்டலாம் என்றேன்.

அவர் குரல் தழுதழுத்தது. "இத்தன வருஷமா அமைதியா இருந்துச்சு. என் குதிரை என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒரு தப்பும் பண்ணல சார். அதனாலதான் அடைச்சு வைக்க வேண்டாம்னு சொல்றோம்."

பிறகு அவர், பண்ணையில் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார்.